ஆடித் தள்ளுபடியில் சேர்ந்த பெண்

— மெதுவாப் பேசு புள்ள, ஜன்னல் தொறந்து கிடக்குது!

— கிடக்கட்டுங்க! நாமக்கல்லுல பாதிப் பேருக்குத் தெரிஞ்சு போச்சு, மீதிப் பேரு என்ன பாவம் பண்ணுனாங்க? சொல்லுங்க. கோயில்ல பூ கேக்கறப்ப ரெண்டு பொட்டலத்துலயும் செவப்பரளியை வெக்கச் சொன்னது நீங்கதானே?

— எவன் சொன்னான்?

— பாருங்க, "நான் இல்லை"ன்னு வாயில வரலை. "எவன் சொன்னான்"னுதான் வருது. பூசாரி பொண்டாட்டி குஞ்சம்மா சொன்னா. உழவர் சந்தையில தக்காளி பொறுக்கிட்டே, நாளைக்கு மழை வருமாட்டம் இருக்குதுன்னு சொல்றாப்புல சொன்னா. தக்காளியை அப்படியே போட்டுட்டு வந்துட்டேன்.

— அதுதான் ரசம் அப்படி இருந்துச்சா.

— ரசத்தைப் பேசற நேரமா இது? வெள்ளைப்பூ வந்தா ஆத்தா சரிங்கறா, செவப்பு வந்தா வேண்டாங்கறா. அதை நம்பித்தான் நம்ம சனம் பொண்ணு குடுக்குது, எடுக்குது. ரெண்டுலயும் செவப்பை வெச்சா என்ன அர்த்தம்? ஆத்தா வாயைப் பொத்திட்டு நீங்க பேசியிருக்கறீங்க!

— கண்ணாலமே வேண்டாம்னு நான் நெனைக்கலை புள்ள. தையில வேண்டாம், சித்திரையில வெச்சுக்கட்டும்னுதான்.

— செவப்பரளிக்குத் தை தெரியுமா, சித்திரை தெரியுமா? அதுல மாசம் போட்டா இருக்குது? ஆத்தா வேண்டாம்னா பொண்ணே வேண்டாம்னுதான் கணக்கு. மாப்பிள்ளையோட அம்மா கந்தம்மாக்கா கோயில் வாசல்லயே சீர்த்தட்டைத் திருப்பி எடுத்துட்டுக் கார்ல ஏறிட்டாங்க. என்ற பெரியம்மா மவ. நான் கூட்டியாந்த சம்பந்தம். என்ற மூஞ்சியைக்கூட அவிய பாக்கலை.

— எனக்கென்ன தெரியும்? மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க இத்தனை பக்தியா இருப்பாங்கன்னு.

— நல்லா இருக்குது நாயம்! பக்தி இல்லாதவங்களா மெனக்கெட்டுப் பூ கேக்க வருவாங்க? மாதேசு எப்பேர்ப்பட்ட பையன்! ஓசூர்ல கம்பெனி வேலை, சொந்த வீடு, ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. உங்க லாரி பாடிப் பட்டறையில தகடு வெட்டற மெஷின்ல நிக்கிற புள்ளைக்கு அப்படியொரு எடம் தேடிக் குடுத்தேன். தேடிக் குடுத்தவ நானு, கெடுத்தது யாரு? தாலி கட்டுன புருசன்!

— யாரைக் கேட்டுத் தேடுன? அதைச் சொல்லு மொதல்ல. என்ற பட்டறை ஆளுக்கு மாப்பிள்ளை பாக்கறதுக்கு முந்தி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?

— ஏன், உங்ககிட்ட லைசன்சு வாங்கோணுமா? இந்தத் தெருவுல ஆறு கண்ணாலம் முடிச்சு வெச்சிருக்கறேன், ஒருத்தரும் திரும்பி வரலை.

— திரும்பி வர வழி தெரியாம இருக்கும்.

— பேச்சை மாத்தாதீங்க. அந்தப் புள்ள மேல உங்களுக்கு என்ன கோவம்?

— கோவம் இல்லை, பயம்! அவ பங்குனி வரைக்கும் நம்ம பட்டறையில இருந்தே ஆகோணும். தையில கட்டிக்கிட்டு ஓசூருக்குப் போயிட்டான்னா என்ற கதை முடிஞ்சுது.

— ஏனுங்க, அவ என்ன உங்களுக்குச் சோறா ஊட்டறா?

— வரி புள்ள, வரி! வருமான வரி. எத்தனை தடவை சொல்லியிருக்கறேன்? ஆடிட்டர் குமரகுரு சொன்னாரே, ஞாபகம் இல்லையா? புதுசா ஒரு ஆளைச் சேர்த்து, பிஎஃப் புடிச்சு, சம்பளத்தைப் பேங்க்குல போட்டா, அந்தச் சம்பளத்துல நூத்துக்கு முப்பது ரூவாயை நம்ம வருமானத்துல கூடுதலாக் கழிச்சுக்கலாம். ஒரு வருசம் இல்லை, மூணு வருசத்துக்கு. கவர்மெண்டே தர்ற சலுகை.

— அப்ப நூறு ரூவா சம்பளம் குடுத்தா முப்பது ரூவா கவர்மெண்டு குடுத்துருமா?

— குடுக்காது. அந்த முப்பதுக்கு வரி கட்ட வேண்டியதில்லை.

— முப்பதுக்கு வரி எவ்வளவு?

— ஒரு ஒம்பது ரூவா வரும்.

— ஒம்பது ரூவா மிச்சம் புடிக்கறதுக்கு நூறு ரூவா செலவு பண்ணியிருக்கறீங்க.

— அப்படிப் பாக்கக் கூடாது.

— வேற எப்படிங்க பாக்கறது? போன ஆடியில தள்ளுபடின்னு நான் மூணு சேலை எடுத்ததுக்கு என்ன பேச்சுப் பேசுனீங்க? "வேண்டாததை வாங்கிப்போட்டு மிச்சம் புடிச்சேங்கறா"ன்னு உங்க தங்கச்சிக்குப் போன் போட்டுச் சிரிச்சீங்க. நானாவது சேலை எடுத்தேன். நீங்க அதே ஆடியில ஆளையே எடுத்திருக்கறீங்க!

— வேண்டாத ஆள் இல்லை. மெஷின் வாங்கி ஒரு வருசமாத் தார்ப்பாய் போத்திக் கிடந்துச்சு. ஆள் வெக்கலாமா வேண்டாமா, ஆர்டர் வருமா வராதான்னு நான் ரோசனை பண்ணிட்டே இருந்தேன். அவரு வந்து இந்தச் சலுகையைச் சொன்ன பொறவுதான் துணிஞ்சேன்.

— ஆள் வெக்கறவங்களுக்கு அது தெம்பு. வேலைக்கு வந்த புள்ளைக்கு அது கட்டு. சரி, அவ தையில போயிட்டா அந்த ஒம்பது ரூவா போகும். போனாப் போகட்டுமே.

— ஒம்பது ரூவாயோட போனாப் பரவால்லையே! வருசத்துல எட்டு மாசமாவது ஆளு நம்மகிட்ட இருந்தாகோணும். ஆடியில சேர்ந்தவளுக்குப் பங்குனியிலதான் எட்டு மாசம் முடியும். பாதியில போனா என்ன ஆகும்னு ஆடிட்டர்கிட்டக் கேட்டேன். மனுசன் கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுட்டு, "உள்ளே வந்து தோண்டுவாங்க சார்"னாரு.

— என்னத்தைத் தோண்டறாங்க?

— கணக்கை! சலுகை கேக்கறேன்னு சொல்லிப்போட்டு ஆளைக் காட்டலைன்னா, இந்தாளு வேற எதுல ஏமாத்தியிருக்கறான்னு பழைய கணக்கையெல்லாம் எடுப்பாங்களாமா. உனக்குத் தெரியாதா நம்ம கணக்கு? உன்ற தம்பி பேர்ல வாங்குன தகடு, உங்கப்பன் பேர்ல ஓட்டுன பில்லு...

— என்ற ஊட்டு ஆளுங்களை எதுக்கு இழுக்கறீங்க?

— இழுக்கறது நான் இல்லை, அவிய வந்து இழுப்பாங்க! எனக்கு ஒரு மாசமா ராத்திரித் தூக்கம் இல்லை. பட்டறை வாசல்ல வெள்ளைக் கார் எது நின்னாலும் வரி ஆபீசு வண்டியோன்னு ஓடி ஒளியறேன். நேத்து ஒண்ணு வந்து நின்னுச்சு. நான் பின்பக்கமாப் போயி சேசிஸுக்கு அடியில படுத்துட்டேன்.

— யாரு வந்தது?

— முட்டைக் கம்பெனிக்காரன். வழி கேட்டான்.

— கருமம்.

— சிரிக்காத. வெல்டர் குமரன் போர் போடற ரிக்கு வண்டியோட ஆந்திராவுக்குப் போனதுல இருந்தே பட்டறை நொண்டிட்டு இருக்குது. அதைச் சொல்லி ஆடிட்டர்கிட்ட அழுதேன். "குமரனை விடுங்க, அந்தப் பொண்ணை மட்டும் எப்படியாவது நிறுத்தி வெய்யுங்க"ன்னாரு. வாரத்துக்கு ரெண்டு தடவை போன் பண்ணிக் கேக்கறாரு, "பொண்ணு இருக்குதா சார், பொண்ணு இருக்குதா"ன்னு. என்ற மேல அத்தனை அக்கறை.

— அக்கறைப்படற ஆளுதான். அவருக்கு நான் ரெண்டு ஜாதகம் கொண்டுபோனேன். பிரிச்சுக்கூடப் பாக்காம, "இப்ப வேண்டாங்க்கா, ரிட்டர்ன் சீசனு"ன்னுட்டாரு. முப்பது வயசு ஆம்பளைக்கு என்ன சீசனோ. பூவை மாத்தச் சொன்னதும் அவருதானா?

— அவரு "எதையாவது பண்ணித் தள்ளிப் போடுங்க"ன்னாரு. பூ என்ற ரோசனை.

— பெருமையாச் சொல்றதைப் பாரு.

— இரு, வாசல் கேட்டுத் தொறக்கற சத்தம்... யாரோ வாராங்க.

— ஐயோ, அவளேதானுங்க! அறிவுச்செல்விதான் வாரா. குஞ்சம்மா சொல்லியிருப்பா. அவ வாயில தங்குனது அவ பல்லு மட்டும்தான்.

— நான் இல்லைன்னு சொல்லிப்போடு.

— உங்க செருப்பு வாசல்ல கிடக்குது, வண்டி நிக்குது, உங்க சத்தம் ரோடு வரைக்கும் கேட்டுச்சு. எங்க போனீங்கன்னு சொல்லட்டும்? உக்காருங்க அப்படியே. வா சாமி, வா. உள்ள வா. தண்ணி குடிக்கறயா?

— வேண்டாங்க்கா. சார் இருக்காருங்களா?

— இந்தா, எதிர்லயே இருக்காரே.

— சார், மூஞ்சியைப் பேப்பர் வெச்சு மறைச்சிருந்தீங்க, தெரியலைங்க.

— வாம்மா அறிவு. பேப்பர்ல ஒரு சேதி... என்ன இந்நேரத்துல? லீவு வேணுமா? எடுத்துக்கோ. மனசு கஷ்டமா இருக்கும். ரெண்டு நாளு, மூணு நாளு எடுத்துக்கோ. அதுக்கு மேல மட்டும் வேண்டாம்.

— லீவு வேண்டாங்க சார். ஒரு விசயம் சொல்லோணும்.

— வேலையை விடறேன்னு மட்டும் சொல்லிராத தாயி!

— ஏனுங்க, அவளைப் பேச உடுங்க. நீ சொல்லு சாமி.

— வர்ற வெள்ளிக்கெழமை மறுபடியும் பூ கேக்கறதாப் பேசிட்டாங்க. மாப்பிள்ளையோட அம்மாவுக்கு ஏதோ காதுல விழுந்திருக்குது. பொட்டலம் சரியில்லையாமா, யாரோ பண்ணிட்டாங்களாமான்னு. அப்பாவுக்குப் போன் வந்துச்சு. இந்தத் தடவை பொட்டலத்தை அவங்களே கட்டிக் கொண்டாறாங்களாம்.

— யாரோன்னா... யாருன்னு சொன்னாங்களா?

— சொல்லலைங்க சார்.

— அப்பாடா.

— ஆனா எனக்குத் தெரியுமுங்க சார்.

— பேப்பர்ல... தக்காளி வெலை ஏறிப்போச்சாமா.

— ஏனுங்க, பேப்பர் தலைகீழா இருக்குது.

— தெரியுமுன்னா எப்படிம்மா தெரியும்? குஞ்சம்மா சொன்னாளா? அந்தம்மா ஒண்ணை ஒம்பதா...

— குஞ்சம்மாக்கா சொல்லலைங்க. அன்னைக்கு அம்மன் முன்னாடி நான் நின்னுட்டு இருந்தேனே. வாழை எலையில கட்டுனது. ரெண்டு பொட்டலத்துலயும் ஓரத்துல செவப்பு எட்டிப் பாத்துச்சு. பூசாரி பொட்டலத்தை வெச்சுட்டு நிமுந்தாரு. உங்களை ஒரு தடவை பாத்தாரு. நீங்க கோபுரத்தைப் பாத்தீங்க.

— பாத்துட்டு நீ ஏஞ்சாமி வாயைத் தொறக்கலை? அத்தனை பேரு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இந்த மனுசனைக் கோயில்லயே கட்டி வெச்சிருப்பாங்க!

— ஸ்ரீதேவி!

— நான் ஒண்ணும் பொய் சொல்லலையே. நீ சொல்லும்மா, எதுக்குச் சும்மா நின்ன?

— எனக்குச் செவப்பு வரட்டும்னுதான் இருந்துச்சுங்க்கா.

— என்னது?

— கையைக் கூப்பிக் கும்புட்டுட்டு நின்னேன். அப்பா கண்ணு கலங்குச்சு. எனக்கும் சேர்த்து அழுதாரு. நான் அழுவலை. அழுத மாதிரி முந்தானையை எடுத்து மூஞ்சியில வெச்சுக்கிட்டேன்.

— மாதேசுகிட்ட என்ன குறை? நான் பாத்த வரன்ல...

— அவருகிட்ட ஒரு குறையும் இல்லைங்க்கா. "வேண்டாம்"னு சொல்ல எனக்கு ஒரு காரணம் வேணுமே, அதுதான் கிடைக்கலை. நல்ல பையன், நல்ல குடும்பம், அக்கா பாத்த எடம். அப்பாகிட்ட என்ன சொல்லுவேன்? ஆத்தா சொன்னா அப்பா கேப்பாரு. நான் சொன்னாக் கேக்கமாட்டாரு.

— பாத்தியா புள்ள! பாத்தியா! நான் பண்ணுனது இந்தப் புள்ளைக்கு நல்லதாப் போச்சு.

— ஏனுங்க, சித்த வாயை மூடுங்க. எதுக்குச் சாமி வேண்டாங்கற? அதைச் சொல்லு.

— அவங்க ஊட்டுல வேலைக்குப் போகக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. லாரிக்குப் பாடி கட்டற பட்டறையில நின்ன பொண்ணுன்னு வெளிய சொல்லவும் வேண்டாம்னாங்க. கம்ப்யூட்டர் கம்பெனின்னு சொல்லிக்கலாமாமா.

— என்ற பட்டறைக்கு என்ன கொறைச்சல்?

— ஒரு கொறையும் இல்லைங்க சார். அதான் நான் போகலை.

— கேட்டுக்க ஸ்ரீதேவி. வேலை மேல எத்தனை பற்று! கவர்மெண்டு இந்தப் புள்ளைக்கல்லவா சலுகை குடுக்கோணும்!

— சார், வெள்ளிக்கெழமை பூ கேட்டா வெள்ளை வந்தாலும் வந்துரும். அப்பொறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது. அதுக்கு முந்தி நீங்க எங்கப்பாவைப் பாக்கோணும்.

— நான் எதுக்கும்மா? உங்கப்பா ஆண்டியண்ணன் என்னை ஏதாச்சும் கேட்டாருன்னா நான் உளறிருவேன்.

— பூவைப் பத்திப் பேச வேண்டாங்க. அதை நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். "பங்குனி வரைக்கும் அறிவு இல்லாம பட்டறை ஓடாது, அதுக்குள்ள கண்ணாலப் பேச்சு எடுக்காதீங்க"ன்னு மட்டும் சொல்லுங்க. மொதலாளி ஊடு தேடி வந்து சொன்னா அப்பா தட்டமாட்டாரு.

— பங்குனியா?

— ஆமாங்க சார். பங்குனி போதும்.

— அவளே பங்குனிங்கறா புள்ள! நான் கேக்காமலே பங்குனிங்கறா! தாயி, இப்பவே வாரேன். சட்டையை மாத்திட்டு வாரேன்.

— நில்லுங்க. எல்லாம் சரி, என்ற கதி? கந்தம்மாக்கா வெள்ளிக்கெழமை பொட்டலத்தோட வந்து நிப்பாங்களே, அவியளுக்கு நான் என்ன பதில் சொல்றது?

— அக்கா, நீங்க ஒரு போன் பண்ணுனாப் போதுமுங்க.

— என்னன்னு பண்ணட்டும்? என்ற புருசன் ஆத்தாளை ஏமாத்திட்டான்னா?

— அது உங்க இஷ்டமுங்க.

— இந்தப் புள்ளையைச் சாதுன்னு நெனைச்சேன். ஏனுங்க, இவளுக்கு மெஷின் மட்டுமா ஓட்டத் தெரியும்? நம்ம ரெண்டு பேரையும் சேர்த்து ஓட்டறா.

— போனைப் போடு புள்ள. புருசன் மானம் உன்ற கையிலதான் இருக்குது.

— இருந்தா இத்தனை நாளைக்குள்ள கீழ விழுந்திருக்கும். குடுங்க இப்படி... ஹலோ, கந்தம்மாக்கா? நான் ஸ்ரீதேவிங்க்கா. நல்லா இருக்கறீங்களா? ... ஆமாங்க்கா. அதைக் கேக்கத்தான் கூப்புட்டேன். ... யாரு சொன்னா? குஞ்சம்மாளா? அக்கா, அவ போன வருசம் எங்க தெருவுல உசுரோட இருக்கற ஆளுக்குத் துக்கம் கேக்க வந்தவ. ... இல்லைங்க்கா. இவரா? இவருக்குப் பூ கட்டவே தெரியாதுங்க்கா, மாத்தவா தெரியும்? ... நான் என்ன சொல்றேன்னா, ஆத்தா ஒரு தடவை வேண்டாம்னு சொன்ன பொறவு மறுபடியும் போயி, "நல்லா ரோசிச்சுச் சொல்லு"ன்னு கேட்டா அவளுக்குக் கோவம் வராதா? நாளைக்கு மாதேசுக்கு ஒண்ணுன்னா... ... அதைத்தான் நானும் சொல்றேன். ... சரிங்க்கா. பரமத்தியில ஒரு பொண்ணு இருக்குது, பேங்க்குல வேலை. நானே பேசறேன். ... வெச்சர்றேங்க்கா.

— என்ன சொன்னாங்க?

— வெள்ளிக்கெழமை வரலை. ஆத்தா கோவத்துக்கு பயந்துட்டாங்க. எனக்குத்தான் இப்ப அந்த பயம். ஆத்தா பேரைச் சொல்லி நானும் பொய் சொல்லிட்டேன். உங்களைத் திட்ட வந்தவ உங்களுக்கே கூட்டாளி ஆயிட்டேன்.

— ரொம்ப நன்றிங்க்கா. நான் கிளம்பறேன். அப்பா தேடுவாரு.

— இரு சாமி. அக்காகிட்ட நெசத்தைச் சொல்லு. வேற யாராச்சும்...

— காலையில ஷிப்டுக்கு வாரேங்க சார்.

— வா தாயி, வா. மெதுவாப் போ. ரோட்டைப் பாத்துப் போ. சளி கிளி புடிச்சுக்காத!

— போயிட்டா. ஏனுங்க, ஒண்ணு கவனிச்சீங்களா? நான் கேட்டதுக்கு அவ பதில் சொல்லலை.

— என்ன கேட்ட?

— ஒண்ணும் இல்லை. சட்டையை மாத்துங்க, ஆண்டியண்ணன் தூங்கறதுக்குள்ள போகோணும்.

* * *

— எங்க போனான் இவன்? எங்க போயித் தொலைஞ்சான்? ஏம்புள்ள ஸ்ரீதேவி!

— வாங்க. நானே உங்களுக்குப் போன் போடலாம்னு இருந்தேன். ஒரு சேதி இருக்குது.

— உன்ற சேதி கிடக்கட்டும். சாப்பாடு கூட வேண்டாம். வயிறு எரியுது.

— என்னங்க ஆச்சு? ஆனி மாசக் காத்துல இப்படி வேர்த்துக் கொட்டுது?

— ஆடிட்டர் ஆபீசுக்குப் போனேன். கணக்கு முடிக்கோணும், அந்தச் சலுகையை எழுதிட்டாங்களான்னு பாக்கலாம்னு. ஆபீசுல அந்த ஆளைக் காணோம். உதவிக்கு இருக்கற பொண்ணு ஸ்கிரீனைப் பாத்துட்டு, "உங்களுக்குச் சலுகை கிடையாதுங்களே"ங்கறா.

— ஏன், அறிவு பங்குனி தாண்டிச் சித்திரை, வைகாசின்னு இருந்தாளே?

— இருந்தா! அவ இருந்தது போதாதாமா. பட்டறையில மொத்த ஆளு போன வருசத்தைவிடக் கூடியிருக்கோணுமாம். ஆடியில இவ வந்தா, ஐப்பசியில வெல்டர் குமரன் ஆந்திராவுக்குப் போயிட்டான். ஒண்ணு வந்துச்சு, ஒண்ணு போச்சு. எண்ணிக்கை கூடலை. அவன் எடத்துக்கு வருசம் முடியறதுக்குள்ள ஆள் வெச்சிருந்தாச் சலுகை வந்திருக்குமாம்.

— அதை அப்பவே சொல்லியிருக்கலாமே அந்த ஆடிட்டரு. நீங்கதான் குமரன் போனதைச் சொல்லி அழுதீங்களே.

— அதுதான் என்ற வயித்தெரிச்சல்! அவருக்கு அப்பவே தெரியும். குமரன் போனதுன்னு கம்ப்யூட்டர்ல அவரே எழுதி வெச்சிருக்காரு. அதுக்கப்புறமும், "குமரனை விடுங்க, அந்தப் பொண்ணை மட்டும் நிறுத்துங்க"ன்னு ஏன் சொன்னாரு? பாதியில போனாத் தோண்டுவாங்கன்னாரே, அதையும் ஆபீசுப் பொண்ணுகிட்டக் கேட்டேன். சலுகையே கேக்காதவங்களை எதுக்குத் தோண்டறாங்கன்னு சிரிக்கறா.

— அப்ப ஆறு மாசமா நீங்க தூங்காம கிடந்தது?

— வீண்! ஆத்தாளை ஏமாத்துனது, ஆண்டியண்ணன்கிட்டப் போயித் தலையைச் சொறிஞ்சது, சேசிஸுக்கு அடியில படுத்தது, எல்லாம் வீண்! காலையில இருந்து அந்த ஆளுக்குப் போன் போடறேன். ரிங்கு போகுது, எடுக்கலை.

— எடுக்கமாட்டாரு. சேதி என்னன்னா...

— இரு, இன்னும் நான் முடிக்கலை. பட்டறையில அறிவும் லீவு. கோயிலுக்குப் போறேன்னுட்டா. இந்த நேரம் பாத்து மூணு டிப்பர் லாரி பாடிக்கு ஆர்டர் வந்து நிக்குது. போன வாரம் ரெண்டு பேரைப் புதுசா எடுத்தேனே, அவனுங்களுக்கு மெஷின் ஓட்டக் கத்துக் குடுக்க அவதான் வேணும்.

— அந்த ரெண்டு பேருக்கு என்னங்க சலுகை?

— சலுகையாவது மண்ணாவது! வண்டி வந்து வாசல்ல நிக்குது. ஆள் வெக்காம எப்படி முடிக்கறது? வேலை இருந்தா வெப்பான் மனுசன், இல்லாட்டி எவன் வெப்பான்?

— அதைத்தான் நான் அன்னைக்கே கேட்டேன், வேற எப்படிங்க பாக்கறதுன்னு. சரி, மாதேசு சேதி தெரியுமா? பரமத்திப் பொண்ணைக் கட்டிட்டு ஓசூர்ல இருக்கறானே, அந்தப் பொண்ணு பேங்க் வேலையை விடமாட்டேன்னுட்டாளாம். கந்தம்மாக்காவே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் டிபன் தூக்கிட்டுப் போறாங்களாம்.

— அது நமக்கெதுக்கு இப்ப? அந்த ஆடிட்டர் எங்க போனான்னு யார்கிட்டயாவது கேளு. உனக்குத் தெரியாத சேதியா?

— அதைத்தானுங்க வந்ததுல இருந்து சொல்ல வாரேன். குஞ்சம்மா காலையில திருச்செங்கோட்டு மலைக்குப் போயிருந்தாளாம். அங்க மேலே ஒரு கண்ணாலம் பாத்திருக்கறா. பெருசாக் கூட்டம் இல்லை. ஆண்டியண்ணன் பட்டு வேட்டி கட்டிட்டு நின்னாராம், சிரிச்ச மூஞ்சியோட.

— ஆண்டியா? அப்ப... அறிவுக்கா கண்ணாலம்? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!

— சாயங்காலம் ரெண்டு பேரும் நம்ம ஊட்டுக்கு வந்து கால்ல உழுவாங்களாம். அடுத்த வாரம் சேலத்துல புது ஆபீஸ் தொறந்து, அங்கயே குடி போறாங்களாம்.

— ஆபீஸா? என்ன ஆபீஸ்? எவன் புள்ள மாப்பிள்ளை?

— உக்காந்துக்கோங்க. தண்ணியைக் குடிச்சுப்போட்டுக் கேளுங்க. காலையில இருந்து எடுக்காத போனுக்குப் போட்டுட்டு இருக்கறீங்களே, அந்த ஆடிட்டருங்க.